துப்பறிவாளர் கொடுத்த தண்ணீர்

விடிந்தால் தொடரின் படப்பிடிப்பு. அந்தத் துப்பறியும் கதைகளை எழுதி மறைந்த எழுத்தாளரின் மகளோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். இயக்குநருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“படக்கதையில துப்பறிவாளருக்குத் துப்பாக்கி கொடுத்தாங்க. சினிமாவுல டூயட் பாட வச்சாங்க. அப்பா ஒண்ணும் சொல்லல. பிடிபட்டவனுக்குத் துப்பறிவாளர் முதல்ல ஒரு டம்ளர் தண்ணி கொடுத்து, குடிச்சு முடிக்கிறவரை காத்திருப்பாரே, அதுல மட்டும் கை வைக்கக் கூடாதுன்னாரு. நீங்க அங்க அவரை அவன் கன்னத்துல அறைய வச்சிருக்கீங்க.”

“அம்மா, அவன் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள பாக்கிறவங்க தூங்கிடுவாங்க!” இயக்குநர் எழுந்து நடந்தார். “உங்கப்பா சாது. தன்னையே துப்பறிவாளரா எழுதிட்டாரு. நிஜ விசாரணை அவருக்கு எப்படித் தெரியும்?”

“தெரியும். பத்தொன்பது வயசுல சைக்கிள் திருடி மாட்டிக்கிட்டாரு. அடி விழப்போகுதுன்னு நடுங்கிட்டு இருந்தவருக்கு ஒரு போலீஸ்காரர் தண்ணி கொடுத்தாரு. அந்தப் புண்ணியவான்தான் கதையில துப்பறிவாளர். பிடிபட்டுத் தண்ணி குடிக்கிறவன்தான் எங்கப்பா. அப்புறம் அடுத்தவங்க பொருளைத் தொட்டதே இல்ல.”

இயக்குநர் உட்கார்ந்தார். வசனத் தாளில் ‘அறைகிறார்’ என்பதை மெல்ல அடித்து நீக்கினார்.

“அம்மா, அன்னிக்கு அவர் குடிச்சு முடிக்க எவ்வளவு நேரம் ஆச்சாம்?”