ஊர்ந்த நெட்

"அத்தை, நேத்துலேருந்து நெட் ஆமை மாதிரி ஊருது. ஒண்ணுமே திறக்கல," என்று மருமகள் புலம்பினாள்.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தாள். "ஒண்ணுமேவா?"

"ஆஸ்பத்திரி டோக்கன் பக்கம் மட்டும் தட்டினதும் வந்துச்சு. பாப்பாவோட தடுப்பூசிக்கு டோக்கன் போட்டுட்டேன்."

மாமியாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்புறம் என்னம்மா?"

"உங்களுக்கென்ன, நீங்க பாட்டுக்கு பீன்ஸ் நறுக்குறீங்க. என் சீரியல் பாதியில நிக்குது. நெட்காரரை வரச் சொல்லிட்டேன்."

அவர் வந்து கூடத்திலிருந்த நெட் பெட்டியைச் சோதித்தார். "லைன்ல ஒரு குறையும் இல்லீங்க. வீட்ல யாரோ வேகத்தைக் குறைச்சு வச்சிருக்காங்க. கூட்டிடவா?"

"நானே கூட்டிக்கறேன் தம்பி," என்று மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "குறைச்சது நான்தான்."

மருமகள் திகைத்தாள். "ஏன் அத்தை?"

"எங்க ஆபீஸ் நெட்ல எதைப் போட்டாலும் பறக்கும். சிக்னலே சரியா கிடைக்காத இடத்துல இருக்கறவங்களுக்கும் திறக்குதான்னு பார்க்க வேண்டாமா? அந்த டோக்கன் பக்கம் நான் எழுதினது. கனமான படத்தையெல்லாம் தூக்கிட்டுத் திரும்ப எழுதினேன்."

மருமகள் பாதியில் நின்ற சீரியலை எடுத்துக் காட்டினாள்.

"அப்படியே அந்த சீரியல்காரங்க ஆபீஸ்லயும் சேர்ந்துடுங்க அத்தை."