மக்காவுக்கு ஒரு கம்பளிக் கோட்டு

"இந்தக் கம்பளிக் கோட்டு பெட்டியில ஏறுச்சுன்னா, பெட்டிய நான் கட்டமாட்டேன்னு சொல்லு!"

அறை வாசலில் தொங்கிய திரைக்குப் பின்னாலிருந்து ஷரீபுன்னிசாவின் கை வெளியே நீண்டது. கறுப்புக் கோட்டு ஒன்று பறந்து வந்து அவள் தம்பி அமீரின் தலையில் விழுந்தது.

உள்ளே, வழியனுப்ப வந்த பெண்கள் கூட்டம். கடப்பாக்கத்தில் பாதி ஊர் அங்கேதான் இருந்தது. வெளியே கூடத்தில் ஆண்கள். நடுவில் அமீர். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த நிலைமை அவனுக்கு. விடிந்தால் மதராஸ் பஸ், அப்புறம் பம்பாய் ரயில், அதற்கப்புறம் மக்காவுக்குக் கப்பல். பெட்டி இன்னும் பாதிகூட நிரம்பவில்லை.

"மச்சான், அக்கா இன்னா சொல்லுதுன்னா..."

"எல்லாம் காதுல வுழுந்துது," என்றார் அப்துல் சுபஹான். அச்சரப்பாக்கத்தில் அரிசி மண்டி வைத்திருப்பவர். காலையில்தான் துணிமூட்டையோடு வந்து இறங்கியிருந்தார். "எங்கத்தா ஹஜ்ஜுக்குப் போனப்ப, ராத்திரி பாலைவனத்துக் குளிர்ல வெடவெடன்னு நடுங்கினாராம். கம்பளி மட்டும் இல்லேன்னா அங்கியே மௌத்தாயிருப்பேன்னு கடைசி வரைக்கும் சொல்லிகினு இருந்தாரு. எங்கத்தா பொய் சொன்னாரா? கேளு உங்கக்காவ!"

அமீர் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் உள்ளிருந்து பதில் வந்தது.

"அவங்கத்தா போனது வெள்ளைக்காரன் காலத்துல, தை மாசம்! ஹஜ்ஜு பிறைக் கணக்கு. வருசா வருசம் முன்னால முன்னால நகந்துகினே வரும். இப்ப வைகாசி. அங்க கல்லு வெடிக்கிற வெய்யிலு. இதப் போட்டுகினு போனா மனுசன் அவிஞ்சு போயிடுவாருன்னு சொல்லு!"

"எந்த மாசமா இருந்தா இன்னா? மக்கா மக்காதானே!" என்றார் சுபஹான்.

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதரிடம் என்னத்தைச் சொல்வது? அமீர் கோட்டைத் தலையிலிருந்து எடுத்து அவர் மடியில் போட்டான்.

திரை மறுபடி அசைந்தது. இந்த முறை ஒரு வெள்ளைச் சட்டை.

"இதுல ஒரு பொத்தான்கூட இல்ல. கழுத்தெல்லாம் நைஞ்சு கெடக்குது. இந்த லட்சணத்துலயா வெளிநாட்டுக்குப் போறது?"

"அரிசி மண்டியில யாரு பொத்தான் தைச்சுத் தராங்க?" என்று முணுமுணுத்தார் சுபஹான்.

அமீர் கையைக் கூப்பாத குறைதான். "மச்சான், நாலு மல் ஜிப்பா, மூணு கைலி, ஹஜ்ஜுல கட்டிக்க ரெண்டு வெள்ளைத் துணி. அந்த வெய்யிலுக்கு அது போதும். கோட்ட இங்கியே வச்சிட்டுப் போங்களேன்."

"கோட்டு வரலேன்னா நானும் வரல. உங்கக்கா தனியா போவட்டும்!"

அவ்வளவுதான், திரைக்குப் பின்னால் பெட்டி மூடியை டப்பென்று சாத்தும் சத்தம் கேட்டது.

தனியாகப் போக முடியாது என்பது அவருக்கும் தெரியும். முறையான ஆண்துணை இல்லாமல் ஒரு பெண் ஹஜ்ஜுக்குக் கப்பலேற வழியில்லை. ஷரீபுன்னிசாவுக்குப் பிள்ளை இல்லை, தகப்பனாரும் இல்லை. அமீருக்கோ இழுப்பு, கப்பலில் ஏறாதே என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மக்காவைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவள் இந்த வாழ்க்கையில் வேறெதையும் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை. அது ஒரு கோட்டில் வந்து மாட்டிக்கொண்டு நிற்கிறதே என்று அமீருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு கோட்டுக்காகவா மச்சான்? உங்களுக்கே நல்லாகீதா?"

"கோட்டு இல்லடா அமீர். என் பேச்சுக்கு ஒரு மதிப்பு வேணாமா?"

உள்ளிருந்து ஷரீபுன்னிசாவின் குரல் மெதுவாக வந்தது. கோபமெல்லாம் எங்கேயோ போயிருந்தது.

"போன மாசம் வெய்யில்ல மூட்டை எண்றப்ப மயங்கி வுழுந்தாருன்னு கேள்விப்பட்டேன். கப்பல்ல அப்பிடி ஆச்சுன்னா நான் யாரக் கூப்புடுவேன்? அதக் கேளு அமீர்."

"அதெல்லாம் எனக்கு ஒண்ணும் ஆவாது!" என்று சுபஹான் எழுந்து நின்று, அந்தக் கம்பளிக் கோட்டை மாட்டிக் கழுத்து வரை பொத்தானைப் போட்டுக்கொண்டார். கடற்காற்றுகூட அடங்கிப்போன வைகாசி மத்தியானம். நெற்றியிலிருந்து வேர்வை தாடி வழியாகச் சொட்டியது. மனுஷன் அசையவில்லையே!

அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசல் ஹஜ்ரத் உள்ளே நுழைந்தார்.

"இன்னாப்பா அமீர், தெருக்கோடி வரைக்கும் சத்தம் கேக்குது?"

"நீங்களே கேளுங்க ஹஜ்ரத். காலையிலேர்ந்து பேஜாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல ஓடி ஓடி எனக்கு மூச்சு வாங்குது."

ஹஜ்ரத், கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்த சுபஹானை மேலும் கீழும் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தார்.

"போன தபாவும் இதே மாதிரி ஒரு ஒண்ணுமில்லாத விசயத்துக்குக் கத்தித்தானேப்பா தலாக்குல போயி நின்னே? நல்ல வேளை, மூணு தபா சொல்லாம ஒரே தலாக்கோட நிறுத்தினே. அதனால மறுபடியும் நிக்காஹ் ஓத வழி கீது. அதுக்குள்ளியே சண்டையா?" என்றவர், திரைப் பக்கம் திரும்பினார். "ஷரீபுன்னிசா, நிக்காஹ் ஓதப் போறேன். பொண்ணு கேக்கறதுதான் மஹரு. இந்தத் தபா மாப்பிள்ளை உனக்கு இன்னாம்மா குடுக்கணும்?"

"இப்ப அவரு மாட்டிகினு நிக்கிறாரே, அந்தக் கோட்டு," என்றாள் கல்யாணப்பெண். "இப்பவே கழட்டிக் குடுக்கச் சொல்லுங்க."