வெள்ளை வந்தால் பெங்களூர்

அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால் களவாண்டவன் வீடு போய்ச் சேரமாட்டான் என்பார்கள். ஜெயக்கொடி அந்தக் களவைத்தான் செய்துகொண்டிருந்தாள், அதுவும் பட்டப்பகலில்.

படியோரம் வாழையிலையில் கட்டிய இரண்டு பொட்டலங்கள் இருந்தன. ஒன்றில் செவ்வரளி, இன்னொன்றில் வெள்ளரளி என்று பேச்சு. சிவப்பு வந்தால் தாய்மாமன் மகன் கருத்தக்கண்ணனுக்குக் கழுத்தை நீட்டவேண்டும். வெள்ளை வந்தால் பெங்களூர் போய்க் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி செய்யலாம். மாதக்கணக்கில் சண்டை போட்டு ஓய்ந்த பிறகு, "பூக்கட்டிப் பாப்போம், கருப்பு சொல்லட்டும்" என்று முடிவுகட்டியது அம்மா மாயக்காள்தான்.

காலையில் பஸ்ஸில் வரும்போதே கருத்தக்கண்ணனின் அப்பா, மாமா சோணை விசாரித்தார். மடியில் வெற்றிலை பாக்குத் தட்டு. பூப்பார்க்கும் முன்பே அம்மா அவரைத் தட்டோடு வரச்சொல்லியிருந்தாள்.

"அங்க போயி என்னத்தா படிக்கப் போற?"

"ரகசியத்தக் காப்பாத்துற கணக்கு மாமா. நீங்க மதுரையில, இன்னொருத்தரு மெட்ராஸ்ல. ட்ரங்க் கால்ல பேசிக்கிட்டே காசு சுண்டி ஒரு வழக்கத் தீக்கணும். யாரும் யாரையும் ஏமாத்த முடியக்கூடாது. அதுக்கு வழி கண்டுபிடிக்கணும்."

"காசு சுண்டுறதுக்குப் பெங்களூரு போகணுமாக்கும்" என்றாள் அம்மா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

ஜெயக்கொடி விடவில்லை. "ரெண்டு பேருமே களவாணிதான்னு நெனச்சுத்தான் கணக்கையே ஆரம்பிக்கணும் மாமா."

"அப்ப நம்ம ஆளுகளுக்கு ஏத்த படிப்புதான்" என்று மாமா சிரித்தார்.

கோயில் வந்ததும் அம்மா எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து பொட்டலம் கட்டினாள். படியில் வைத்துவிட்டுப் பூசாரியைக் கூப்பிடப் போனாள். மாமா சூடம் வாங்கப் போனார். ஜெயக்கொடிக்குக் கிடைத்தது அந்த நேரம்தான்.

அம்மாவின் கூடையில் மிச்ச இலையும் நாரும் இருந்தன. வெள்ளரளி வாங்கின கொத்து குலையாமல் அப்படியே கிடந்தது. மளமளவென்று கிள்ளி இரண்டு பொட்டலம் கட்டினாள், இரண்டிலும் வெள்ளை. அம்மா கட்டியதைப் பிரித்துப் பார்க்கக்கூட நேரமில்லை. கைப்பைக்குள் திணித்துவிட்டுப் புதுசைப் படியில் வைத்தாள்.

"கருப்பா, கோவிச்சுக்கிராத. படிச்சு முடிச்சுட்டுக் கெடா வெட்டுறேன்" என்று உதட்டுக்குள் சொன்னாள். படித்த படிப்புக்கும் செய்யும் வேலைக்கும் சம்பந்தமே இல்லையே என்று வெட்கமாகத்தான் இருந்தது. வேறு வழியும் இல்லை.

பூசாரி சூடம் காட்டி, கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்தார். மாமா தட்டைத் துண்டால் துடைத்துத் தயாராக நின்றார்.

"வெள்ளை, தாயி."

அம்மாவுக்கு முகம் செத்துப்போனது. "வெள்ளையா? நல்லாப் பாருங்க சாமி."

"கையிலதான வச்சிருக்கேன். நீயே பாரு."

அம்மா படியில் விழுந்து கும்பிட்டாள். எழுந்தவள் இரண்டு கன்னத்திலும் மாறி மாறிப் போட்டுக்கொண்டாள். அண்ணன் மகன்மேல் இவ்வளவு ஆசையா என்று ஜெயக்கொடிக்குப் பாவமாகிவிட்டது.

மாமாதான் தேற்றினார். "விடு தங்கச்சி. கருப்பே சொல்லிட்டாரு, இனி யாரு என்ன பேச. புள்ள சந்தோசமாப் போயிட்டு வரட்டும்." வீணாகப் போவானேன் என்று தட்டிலிருந்த வெற்றிலையை எடுத்து அங்கேயே மென்றார்.

திரும்பும் பஸ்ஸில் மாமா முன்சீட்டில் உட்கார்ந்தார். ஜெயக்கொடி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பெங்களூருக்கு என்னென்ன எடுத்துப் போவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

கடச்சனேந்தல் வந்ததும், மாமா தூங்கிவிட்டாரா என்று அம்மா எட்டிப் பார்த்தாள். அப்புறம் மகளின் காதோரம் குனிந்தாள்.

"ஏண்டி, நான் ரெண்டுலயும் செகப்புல்ல வச்சேன்?"