கீழ் வீட்டுச் சம்மதம்

"இதுல எது நல்லா சத்தம் வரும்?"

கேட்டவர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் செகரட்டரி. கேட்ட கேள்வி அவர் காதிலேயே நாராசமாக விழுந்தது. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டாலே கதவைத் திறந்து முறைக்கிற ஆசாமி அவர்.

கடைக்காரர் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களைக் காட்டினார். ஒன்று சூட்கேஸ் அளவு. இன்னொன்று வாஷிங் மெஷின் அளவு.

"எலக்ட்ரானிக் ட்ரம்ஸுக்குத்தானே சார்? கிட்டார் ஆம்ப்ல மட்டும் மாட்டிடாதீங்க. கால் ட்ரம்மை ஓங்கி மிதிச்சா ஸ்பீக்கர் கிழிஞ்சிடும். இது ரெண்டும் ட்ரம்ஸுக்குன்னே செஞ்சது. இத்தனை நாள் எப்படி வாசிச்சீங்க?"

"ஹெட்போன்தான். ரிட்டயர் ஆன கையோட ட்ரம்ஸ் வாங்கினேன். தினமும் சாயங்காலம் வாசிக்கிறேன். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது!" என்றார் பெருமையாக.

"அப்புறம் இப்ப எதுக்கு சார் ஆம்ப்?"

அங்கேதான் வலித்தது.

"என் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியலைப்பா. நேத்து ஒரு முழுப் பாட்டை தப்பில்லாம வாசிச்சு முடிச்சு நிமிர்ந்து பார்க்கிறேன். 'கொசு அத்தனையும் செத்துச்சா?'ன்னு கேக்கிறா."

கடைக்காரர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

அவள் சொன்னதிலும் தப்பில்லை. வெளியே இருந்து பார்த்தால், வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் ரப்பர் தட்டுகளைக் கோபமாக அடித்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். ஒரே ஒரு தடவையாவது யாராவது தன் வாசிப்பைக் கேட்க வேண்டும் என்று செகரட்டரிக்கு ஆசை. இந்த வயதில் வந்த ஆசை என்பதால் அவருக்கே கொஞ்சம் வெட்கம்.

"பெரிசையே எடுத்து வைங்க. ஒரு சின்ன ஃபார்மாலிட்டி இருக்கு, முடிச்சிட்டு வந்துடறேன்."

அந்த ஃபார்மாலிட்டி அவரே உண்டாக்கியது. சத்தம் போடுகிற எந்தச் சாமான் வந்தாலும் மேல் வீடு, கீழ் வீடு இரண்டின் சம்மதமும் வேண்டும் என்று சங்கத்தில் சண்டை போட்டு விதி கொண்டுவந்த மகானுபாவர் அவர்தான். அதைக் காட்டித்தான் கீழ் வீட்டுத் தையல்காரம்மாவின் மோட்டார் மெஷினுக்கு ஆப்பு வைத்தார். இவருக்கு மேலே மொட்டை மாடி. கீழே அதே தையல்காரம்மா.

மணியடித்தார். கதவு திறந்தது.

"சார்! நாங்க சத்தம் எதுவும் போடலையே!"

"அதுக்கில்லம்மா. என் ட்ரம்ஸுக்கு ஒரு ஆம்ப் வாங்கலாம்னு இருக்கேன். அதான், உங்க சம்மதம்..."

"ஆம்ப்புன்னா?"

"ஸ்பீக்கர் மாதிரி. அப்புறம் ஹெட்போனே தேவைப்படாது."

அவள் முகம் வெளிறியது. "ஐயையோ, வேண்டாம் சார்!"

பழி வாங்குகிறாள், வாங்கட்டும் என்று நினைத்துக்கொண்டார். அவள் இடத்தில் இருந்தால் அவர் இன்னும் மோசமாக வாங்கியிருப்பார்.

"சின்னதா வாங்கிக்கிறேனே?"

"வேண்டாம் சார்."

"சத்தத்தைப் பாதியா குறைச்சு வெச்சுக்கிறேன்."

"சத்தம் பிரச்சினையே இல்ல சார். அதான் பழகிப்போச்சே."

"எந்தச் சத்தம் பழகிப்போச்சு?"

அவள் விட்டத்தைக் காட்டினாள். "நீங்க கால்ல மிதிப்பீங்களே, அது. டம் டம்னு தினமும் இங்கதான் இறங்கும். ஃபேனே ஆடும்."

செகரட்டரி அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். ஹெட்போன் தன் காதுக்குள் அடைத்தது பாட்டை மட்டும்தான், மிதிக்கிற மிதி தரை வழியாக நேரே கீழ் வீட்டுத் தலையில் விழுகிறது என்பது இத்தனை நாளும் அவர் மூளைக்கு எட்டவே இல்லை.

"ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் தயங்கினாள். உள்ளே இருந்து புருஷன்காரர் குரல் கொடுத்தார். "சொல்லிடு. எத்தனை நாளைக்குத்தான் மறைக்கிறது?"

"தப்பா நினைக்காதீங்க சார். டம் டம்னு கேட்டா நீங்க ஹெட்போன் மாட்டிட்டீங்கன்னு அர்த்தம். உடனே நான் மெஷினை ஓட்டுவேன். எதிர் வீட்ல மிக்ஸி போடுவாங்க. பிள்ளைங்க வராண்டாவுல ஓடும். மொத்த பில்டிங்கும் மூச்சு விடுறது அப்பதான் சார். நீங்க ஹெட்போனைக் கழட்டிட்டீங்கன்னா..."

அவள் விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள்.

யாராவது ஒருத்தர் கேட்க மாட்டார்களா என்று அவர் ஏங்கியிருக்கிறார். இங்கே ஒரு கட்டிடமே தினமும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்திருக்கிறது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"மெஷினை எப்ப வேணும்னாலும் ஓட்டிக்கம்மா. இனிமே நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

"சரிங்க சார்" என்றாள். அந்த மரியாதையில் துளிகூட நம்பிக்கை இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இன்னைக்கு மட்டும் ஒரு உதவி சார். சின்னவளுக்குப் பிறந்தநாள். பிள்ளைங்க எல்லாரும் வருவாங்க. கொஞ்சம் கூடுதலா வாசிப்பீங்களா?"

கடைக்குப் போன் போட்டு ஆம்ப் வேண்டாம் என்று சொன்னார். சாயங்காலம் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. முழங்கால் கெஞ்சியது, தோள்பட்டை கழன்றது.

"போதுமே, யாருக்காக இப்படி அடிச்சுக்கிறீங்க?" என்று மனைவி கையாட்டிக் கேட்டாள்.

பதில் சொல்ல ஹெட்போனை லேசாக விலக்கினார். கீழே ஒரே கூச்சல், சிரிப்பு, பாட்டு என்ற பெயரில் யாரோ போடும் கத்தல். பழக்க தோஷம், சண்டைக்குக் கிளம்பக் கால் தானாக எழுந்தது.

"சும்மா கிடடா கிழவா!" என்று தன்னையே திட்டிக்கொண்டு, ஹெட்போனால் காதை இறுக மூடி, மிதியை இன்னும் ஓங்கி மிதித்தார்.