பெயர் இல்லாத இழைப்புளி

“இதுல பேர் எங்கே?”

மேஸ்திரி கேட்டதும் பட்டறையில் எல்லாச் சத்தமும் நின்றது.

புதிதாக வந்தவன் தலையைக் குனிந்துகொண்டான். ஜெயிலில் தச்சுவேலை கற்றுக்கொண்டு வெளியே வந்தவன். போன வாரம் வேலை கேட்டு வந்தபோது, “சொந்தமா இழைப்புளி இல்லாதவனுக்கு இங்க வேலை இல்லை” என்று மேஸ்திரி திருப்பி அனுப்பியிருந்தார். இன்று மரம் சீவும் அந்தக் கருவி ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். பழசு. மரக்கட்டையில் செய்தது.

அங்கே ஒவ்வொருவரும் தன் இழைப்புளியின் நெற்றியில் பெயரைப் பொறித்து வைப்பது வழக்கம். கறுத்துப்போன இந்தக் கட்டையில் அந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

“பேரைச் சீவி எடுத்திருக்கு. யாரோடதுடா இது?”

“என்னோடதுதான் மேஸ்திரி.”

“எங்கே வாங்கினே?”

அவன் கால்விரலால் மரத்தூளைக் கிளறினான்.

“அய்யாவுக்கு மறுபடியும் உள்ளே போக அவசரம்போல” என்றான் பாலிஷ் போடுகிறவன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

“அவன் சொல்ல வேண்டாம். இதுவே சொல்லும்.” மேஸ்திரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “எந்த இழைப்புளியும் என்கிட்ட ஊமையா இருந்ததில்லை.”

திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கம்பெனிச் சரக்கு இல்லை. கையால செதுக்கின கட்டை. சீவுற தகடுகூட கொல்லன் அடிச்சதுதான்.”

அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் காட்டினார். சீவல் வெளியேறும் வாய்க்கு முன்னால் சின்னதாக ஒரு ஒட்டு.

“ஆணியில மோதி வாய் உடைஞ்சிருக்கு. வேற மரத்துல துண்டு வெட்டி…”

நிறுத்தினார். ஒட்டை விரலால் தடவினார்.

“அடப்பாவி! இந்த ஒட்டுப் போடும்போது பக்கத்துல நின்னு பிடிச்சவனே நான்தான். இது என் மாமனாரோடது. என் வீட்டுப் பரண்ல கிடந்தது!”

“நான் அப்பவே நினைச்சேன்” என்றான் பாலிஷ்காரன்.

“சத்தியமா நான் திருடலை மேஸ்திரி.”

“அப்போ றெக்கை முளைச்சுப் பறந்து வந்துச்சா? வேலையை மறந்துடு. போலீசுக்குச் சொல்லப்போறேன்.”

வீடு மாடியில்தான். சத்தம் கேட்டு மேஸ்திரியின் மனைவி இறங்கி வந்தாள். இழைப்புளியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

“போன வாரம் இவன் வெறுங்கையோட திரும்பிப் போனதைப் பார்த்துட்டு நான்தாங்க குடுத்தேன். உங்ககிட்ட சொல்லாதேன்னு சத்தியமும் வாங்கிக்கிட்டேன்.”

மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றினார். ஆனாலும் விடவில்லை.

“சரி, நீ குடுத்தே. இவன் எதுக்குப் பேரைச் சீவினான்? மடியில கனம் இல்லாதவன் செய்யற வேலையா இது?”

“அவன் எங்கே சீவினான்? நான் சீவினேன். தச்சன் மகளுக்கு இதுகூடவா தெரியாது?”

“பெத்த அப்பன் பேரையா? ஏன்டி?”

“பேர் இருந்தா, ‘யார்கிட்ட திருடினே’ன்னு அவனைக் கேப்பீங்களே, அதுக்குத்தான்.”