பயணிக்கு இரண்டு ரக்அத்

"இந்தக் கட்டடத்துக்குள்ள நான் ஒருத்தன்தான் பயணி. மத்தவங்க எல்லாம் குடித்தனக்காரங்க."

சிறைக்கூடத்துப் பாயில் சம்மணம் போட்டபடி அவர் அறிவித்தார். சிரிக்கவில்லை. மார்க்க விஷயத்தில் அவர் சிரிப்பதில்லை.

வாரம் ஒருமுறை வெளியிலிருந்து ஹஜ்ரத் வந்து நடத்தும் மார்க்க வகுப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. வகுப்புக்குள் எல்லாரும் ஒருவரையொருவர் 'பாய்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது ஹஜ்ரத் போட்ட சட்டம். அவர் கிளம்பிய பிறகும் மூன்று பேர் உட்கார்ந்து பாடத்தை ஓட்டிப் பார்ப்பார்கள். சிறையின் தையற்கூடத்தில் சட்டை தைக்கும் தையல்காரர், எதைத் திருடி உள்ளே வந்தார் என்பதைப் பெயரிலேயே வைத்திருந்த சைக்கிள், அப்புறம் நம் பயணி.

இங்கே வருவதற்கு முன் பயணி வெள்ளிக்கிழமை மட்டும் பள்ளிவாசலில் தலைகாட்டுகிறவர். ஐவேளைத் தொழுகை படிந்தது இந்த வகுப்பில்தான். கூடவே ஒரு சலுகையும் கண்ணில் பட்டது. பயணத்தில் இருப்பவர் நாலு சுற்று, அதாவது நாலு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம்.

அவ்வளவுதான். மற்றவர்கள் நோன்புப் பாடம் முடித்து, ஜகாத் முடித்து, ஹஜ்ஜுக்கே போய்விட்டார்கள். பயணி மட்டும் பயணியின் பாடத்தை விட்டு நகரவில்லை. அந்தி நேர மஃரிப் தொழுகையின் மூன்றை ஒன்றரையாக்க வழியுண்டா என்றுகூட ஹஜ்ரத்திடம் கேட்டுப் பார்த்தார்.

"அதெப்படி பாய், வருஷக்கணக்கா ஒரே இடத்துல பயணம் பண்றீங்க?" என்றார் சைக்கிள்.

"ஹஜ்ரத்தையே கேட்டுட்டேன். இன்னைக்குப் போறேன், நாளைக்குப் போறேன்னு மனசுல நிய்யத் வச்சிருக்கறவன் எத்தனை வருஷம் ஆனாலும் பயணிதான்."

"நிய்யத் உண்மையா இருக்கணும்னும் சொன்னாரே" என்றார் தையல்காரர்.

"பெட்டியையே இன்னும் பிரிக்கல. இதுக்கு மேல என்ன உண்மை வேணும்? மேலிடத்துக்கு மனு போட்டிருக்கேன். உத்தரவு வந்ததும் ஊரைப் பார்க்கக் கிளம்பிடுவேன். அப்படி என்ன தப்பு பண்ணினேன், பெரிய இடத்து ஆளை ஒரு கேள்வி கேட்டேன். தூக்கி இங்க போட்டுட்டாங்க. என் சின்னவ என்னைப் பார்த்தா யாரோன்னு அம்மா முதுகுப் பக்கம் ஒளியறா."

தையல்காரர் பாயின் ஓரத்தில் பிரிந்திருந்த கோரையை உள்ளே செருகினார்.

"அதுக்காக எங்க பின்னால வந்து நிக்கக் கூடாதா? எப்பப் பாரு மூலையில தனியா."

"குடித்தனக்காரர் தொழவைச்சா பயணியும் நாலு தொழணும். அது தெரிஞ்சுதானே கூப்பிடறீங்க. நாலு தொழறது இங்கயே வீடு கட்டிக் குடிபுகுந்த மாதிரி. வாசல்ல பேரு எழுதித் தொங்கவிடறதுதான் பாக்கி."

"இங்க இருக்கணும்னு ஆசைப்பட்டு யாரும் நாலு தொழல பாய். இருக்கோம்னு ஒத்துக்கிட்டுத் தொழறோம்."

"இது ஹஜ்ரத் சொன்னதா?"

"இல்ல. காலர் வைக்கும்போது தோணுச்சு."

கதவருகே ஒரு தலை எட்டிப் பார்த்தது. "பாய், உங்க உத்தரவு வந்திருக்காம். அலுவலகத்துக்கு வரச் சொல்றாங்க."

பயணி எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். "சொல்லிட்டுத்தான் போவேன். யாரும் அழக் கூடாது."

"முயற்சி பண்றோம்" என்றார் சைக்கிள்.

அஸர் தொழுகைக்கு நேரமானது. தையல்காரர் முன்னால் நின்றார். பின்னால் சைக்கிள். தக்பீர் கட்டப் போகும்போது பக்கத்தில் ஈரக் கால்களோடு யாரோ வந்து நிற்பது தெரிந்தது. தொழுகையில் திரும்பிப் பார்க்கக் கூடாது. சைக்கிள் பார்த்தார். பயணி.

இரண்டு ரக்அத் ஆனது. இப்போது நழுவிவிடுவார் என்று சைக்கிள் எதிர்பார்த்தார். பயணி மூன்றாவதுக்கு எழுந்தார். நான்காவதின் கடைசி சஜ்தாவில் அவர் நெற்றி தரையைவிட்டு எழச் சற்றுத் தாமதமானது. தூங்கிவிட்டாரோ என்று சைக்கிளுக்கு ஒரு சந்தேகம்.

சலாம் கொடுத்துத் தொழுகை முடிந்தது. தையல்காரர்தான் மெதுவாகத் தொடங்கினார்.

"மனு என்ன ஆச்சு?"

"தள்ளிட்டாங்க. இங்கயேதான்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"ரிடையர் ஆகுற வரைக்கும்."

தொழுகைத் தொப்பியை மடித்துப் பையில் வைத்துவிட்டுச் சீருடைத் தொப்பியை மாட்டிக்கொண்டு, இருவரையும் அவரவர் அறைக்குக் கூட்டிப்போய் வெளியிலிருந்து பூட்டினார் பயணி.