சக்கரத்துக்கு ஒரு கல்

"ஹேண்ட் பிரேக்கைச் சரி பண்ணிக் குடுங்க பாய்" என்றார் கந்தப்பன்.

தன் உபதேசம் ஒன்பது வருடம் கழித்துப் பலித்ததில் மெக்கானிக் அயூப் அரையடி உயர்ந்துவிட்டார். கந்தப்பன் பிக்கப் வண்டியை சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் இதைச் சொல்வார். "சுலோச்சனா இருக்கறப்ப பிரேக் எதுக்குங்க?" என்று கந்தப்பன் சிரிப்பார். ஓவேலி மலை ஏற்றத்தில் எங்கே நிறுத்தினாலும், இடது பக்க சீட்டிலிருந்து அவர் மனைவி குதித்திறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்துவிடுவார்.

"ஏனுங்கண்ணா, இப்பவாச்சும் புத்தி வந்துச்சே! வண்டி விசயத்துல இந்த அயூப் சொன்னா சொன்னதுதானுங்க."

பட்டறையே கேட்கும்படி முழங்கிக்கொண்டு கேபிளை மாற்றினார். சீட்டுக்கு அடியில் கிடந்த கல்லை எடுத்துப் பழைய இரும்புக் குவியலில் வீசினார். பிறகு வண்டியை இறக்கத்தில் நிறுத்திக் காட்டினார். அது அசையவில்லை.

"பாத்தீங்களா? இனி அண்ணி ஊட்டுல நிம்மதியா ரெஸ்ட் எடுக்கட்டும்."

"எடுத்துட்டுதான் இருக்கா பாய்" என்றார் கந்தப்பன். "நேத்துதான் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சுதுங்க."

அயூப் இரும்புக் குவியலைக் கிளறி அந்தக் கல்லைத் தேடி எடுத்தார். சட்டையில் துடைத்து, இடது பக்க சீட்டில் வைத்தார்.